அலுவலக விதிகளோடு ஒத்துப்போகுமா உங்கள் இயல்பு? அளந்து பார்க்கும் முறை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அவற்றில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பையும் கலந்தாய்வையும் முடித்து, இளநிலை உதவியாளராகச் சேரும் ஓர் இளைஞர் அறுபது வயது வரை அந்த அமைப்புக்குள்தான் இருக்கப்போகிறார். கோப்பு மேலே போகும். விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். மறுபடி மேலே போகும். இந்த நடைமுறை அவருடைய இயல்புக்கு ஒத்துவருமா என்பதை அந்த 200 கேள்விகளில் ஒன்றும் கேட்பதில்லை.

தேர்வாணையம் அதைக் கேட்க வேண்டும் என்பது என் வாதமல்ல. கேட்காமல் இருப்பதே நல்லது என்பதற்குக் காரணங்கள் உண்டு; பின்னால் சொல்கிறேன். ஆனால் வேலைக்குப் போகிறவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. வங்கி, ரயில்வே, பல்கலைக்கழக அலுவலகம், பல்லாயிரம் பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்று எங்கே சேர்ந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். இதற்கென்றே அமெரிக்க உளவியலாளர்களும் மேலாண்மைப் பேராசிரியர்களும் சில வினாப்பட்டியல்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவை எப்படி வேலை செய்கின்றன, எதைச் சொல்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

எதை அளக்கிறார்கள்?

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1920இல் இறந்த பிறகு வெளியான எழுத்துகளில்தான் அதிகாரத்துவ அமைப்பின் அடையாளங்கள் தெளிவாக வரையறுக்கப்பட்டன. வேலைகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கும். ஒரு பதவிக்கு மேல் இன்னொரு பதவி இருக்கும். எப்படி நடக்க வேண்டும் என்பது விதியாக எழுதிவைக்கப்பட்டிருக்கும். நடந்தவை கோப்பில் பதிவாகும். தகுதி பார்த்து ஆளை நியமிப்பார்கள். அவருக்குச் சம்பளம் உண்டு, ஆனால் பதவி அவருடைய சொத்தாகாது. முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் விதி ஒன்றே.

இந்தக் கடைசி அடையாளத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்று நினைக்கிறேன். அலுவலக நடைமுறை என்றாலே தாமதமும் அலைக்கழிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் பரிந்துரைக்க ஆளில்லாத ஒரு பெண்ணுக்குக் கணவரின் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கிறது என்றால், அங்கே யாரோ ஒருவர் ஆள் பார்க்காமல் விதியைப் பார்த்திருக்கிறார் என்றுதான் பொருள். ஆகவே அதிகாரத்துவ அமைப்புக்கு ஒத்துவரும் இயல்பு என்பதை ஏதோ குறையைப்போல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது, ஒத்துவருதல் என்றால் என்ன என்பது. வரைவுக் கடிதம் எழுதத் தெரிவது, சட்டப் பிரிவைத் தேடி எடுப்பது, கணக்குச் சரிபார்ப்பது எல்லாம் திறமை. அவற்றைப் பயிற்சியால் பெறலாம், தேர்வு வைத்து அளக்கலாம். இங்கே அளக்கப்படுவது அது அல்ல. எழுதிய விதி, தெளிவான மேல்கீழ், குறித்த எல்லை ஆகியவற்றின் நடுவே ஒருவர் இயல்பாக இருக்கிறாரா, நெருக்கப்படுவதாக உணர்கிறாரா என்பதுதான் அளவுப்பொருள். இதை நாட்டம் என்று சொல்லலாம். நாட்டத்துக்குச் சரியான விடை, தவறான விடை கிடையாது. இதை மறந்துவிட்டு மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள்தான் ‘தேறிவிட்டேன்’, ‘தோற்றுவிட்டேன்’ என்று பேசுகிறார்கள்.

இரண்டு அளவுகோல்கள்

இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் கருவிகள் இரண்டு. ஒன்று, அமெரிக்க உளவியலாளர் லெனர்ட் கார்டன் உருவாக்கியது. அதிகாரத்துவ நாட்டத்தை அளப்பது பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1970இல் வெளிவந்தது. அவருடைய வினாப்பட்டியலில் 24 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் முழுமையாக ஏற்பதிலிருந்து முழுமையாக மறுப்பது வரை ஐந்து படிகளில் பதில் சொல்ல வேண்டும். அவற்றின் பின்னால் ஐந்து கூறுகள் இருக்கின்றன: மேலதிகாரியின் விருப்பத்துக்கு இணங்குவது, தன் பிரிவின் எல்லைக்குள் நின்று வேலை செய்வது, ஆள் பார்க்காமல் நடப்பது, விதியிலிருந்து விலகாமல் இருப்பது, நிறுவனத்தின் மரபோடு ஒன்றிப்போவது. வெபரின் பட்டியல் அமைப்பைப் பற்றியது. கார்டன் அதை மனிதருக்குள் தேடினார்.

இன்னொன்று மேலாண்மைப் பேராசிரியர் ஆண்ட்ரூ டூப்ரின் வகுத்தது. பாடநூல்கள் வழியாக வகுப்பறைகளில் பரவியது இதுதான். 20 கூற்றுகள், பெரும்பாலும் ஏற்கிறேன், பெரும்பாலும் மறுக்கிறேன் என்று இரண்டே பதில்கள். அதிகாரத்துவ நாட்டத்தைக் காட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அத்தகைய நிறுவனத்தில் மகிழ்ச்சியாக இருப்பீர்கள், 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் அங்கே, அதுவும் பெரிய நிறுவனமாக இருந்தால், வெறுத்துப்போவீர்கள் என்பது அதன் கணிப்பு. நடுவில் இருக்கும் பெரும்பாலோருக்கு அது அதிகம் எதுவும் சொல்வதில்லை. அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். நடுவில் இருப்பவருக்கு நாட்டத்தைவிட எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பதுதான் அதிக வேறுபாட்டை உண்டாக்கும்.

கூற்றை எழுதுவதில் இருக்கிறது எல்லாம்

அளவுகோலின் தரம் அதன் கூற்றுகளின் தரம்தான். சில கூற்றுகளை நானே எழுதிக் காட்டுகிறேன்.

‘என் வேலையின் எல்லை எழுத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி.’

‘ஒரே வகையான இரண்டு மனுக்கள் வந்தால், மனுதாரர் யார் என்று பார்க்காமல் ஒரே முடிவை எடுப்பேன்.’

‘மேலதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது எனக்குச் சிரமமாகத் தோன்றுவதில்லை.’

‘சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை குறைந்த வேலை எனக்குச் சலிப்பூட்டும்.’

முதல் மூன்றையும் ஏற்பவர் நாட்டம் உள்ளவர். நான்காவது எதிர்த்திசையில் இருக்கிறது. அதை மறுப்பவருக்குத்தான் மதிப்பெண். ஐந்து படிப் பதில்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தால், நான்காவது கூற்றுக்கு வந்த எண்ணை 6இலிருந்து கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். இந்தத் தலைகீழ்க் கூற்றுகள் எதற்கு? பலருக்கு எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும் பழக்கம் உண்டு. எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தால், விதியை விரும்புகிறவருக்கும் எதற்கும் தலையாட்டுகிறவருக்கும் ஒரே மதிப்பெண் வந்துவிடும். 1950இல் வெளியான எதேச்சாதிகார மனப்பான்மை பற்றிய புகழ்பெற்ற கலிபோர்னியா அளவுகோலின் மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது. அதில் எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தன. தெளிவின்மையைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையை அளக்க 1962இல் பட்னர் என்ற ஆய்வாளர் 16 கூற்றுகள் எழுதியபோது, எட்டை ஒரு திசையிலும் எட்டை மறுதிசையிலும் வைத்தார்.

ஒரு கூற்று ஒரே ஒரு செய்தியைத்தான் கேட்க வேண்டும். ‘விதிகளும் நல்ல மேலதிகாரியும் இருந்தால் நன்றாக வேலை செய்வேன்’ என்று எழுதினால், விதி வேண்டாம், ஆனால் நல்ல அதிகாரி வேண்டும் என்பவர் எதைக் குறிப்பார்? இரட்டை எதிர்மறையும் கூடாது. ‘விதி இல்லாத இடத்தில் வேலை செய்ய முடியாது என்று நான் நினைப்பதில்லை’ என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு ஆமாம் சொல்வதா இல்லை சொல்வதா என்று வாசகர் நிற்கும் நேரத்தில் அளவு கெட்டுவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்கப் பட்டியலை அப்படியே எடுத்து நம் ஊரில் கொடுக்க முடியாது. டூப்ரினின் பட்டியலில் அமெரிக்க ராணுவம் வேலைக்கு நல்ல இடமா என்று ஒரு கூற்று வருகிறது. வாகனப் பதிவுத் துறையில் எழுத்தராக இருப்பதைவிடச் சொந்தமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் மேல் என்று இன்னொன்று. நம் ஊரில் இரண்டாவது கூற்றை ஒருவர் மறுத்தால் அதற்குக் காரணம் கோப்பின் மீதுள்ள ஆசையா? நோய் வந்தால் வருமானம் நின்றுபோகும் தொழிலா, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் தொழிலா என்று கேட்டால் கோப்பையே வெறுப்பவர்கூட எழுத்தர் வேலையைத்தான் சொல்வார்.

‘நிலையான வேலை எனக்கு முக்கியம்’ என்ற கூற்றும் அப்படித்தான். அமெரிக்கப் பட்டியலில் அது நாட்டத்தின் அடையாளமாக எண்ணப்படுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒருவரிடம், வீட்டுக் கடனைத் தலையில் சுமக்கும் ஒருவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்பார்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கூற்றால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட முடியாது. அது மனத்தின் சாய்வை விட்டுவிட்டு வீட்டின் பொருளாதாரத்தை அளந்துகொண்டிருக்கிறது. தமிழில் இத்தகைய பட்டியலை உருவாக்க நினைப்பவர் முதலில் நீக்க வேண்டியது வேலைப் பாதுகாப்பு, ஓய்வூதியம், மரியாதை பற்றிய கூற்றுகளைத்தான். அவற்றுக்காக அரசு வேலையைத் தேடுவது மிகவும் நியாயமானது. ஆனால் அது வேறு கேள்வி.

பட்டியல் தயாரான பிறகு இரண்டு சோதனைகள். ஒன்று நம்பகத்தன்மை: கூற்றுகள் ஒன்றோடொன்று இசைந்து ஒரே பொருளை அளக்கின்றனவா, சில வாரம் கழித்து அதே ஆளிடம் கொடுத்தால் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்பது. முதல் பாதியைப் பார்க்க லீ கிரான்பாக் 1951இல் விளக்கிய ஆல்பா என்ற எண் இன்றும் பயன்படுகிறது; 0.70க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கம். மற்றொன்று ஏற்புடைமை: அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது. நம்பகத்தன்மை உள்ள அளவுகோல் தவறான பொருளையும் விடாமல் அளந்துகொண்டிருக்கலாம். மேலே சொன்ன நிலையான வேலை பற்றிய கூற்றுகளை மட்டும் பத்து சேர்த்தால் ஆல்பா அழகாக உயரும். அளவு மட்டும் பிழையாகவே இருக்கும்.

மொத்த மதிப்பெண் மறைப்பது

என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கார்டன் ஐந்து கூறுகளைச் சொன்னார். ஆனால் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். தையல்காரர் மார்பளவையும் கையளவையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவைத்தால் சட்டை தைக்க முடியாது. இங்கே நடப்பது அதுதான்.

இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு விதி வழுவாமையில் மிக உயர்ந்த மதிப்பெண், மேலதிகாரிக்கு இணங்குவதில் மிகக் குறைவு. இன்னொருவருக்கு நேர்மாறு. கூட்டினால் இருவருக்கும் ஒரே எண். அலுவலகத்தில் இவர்களைப்போல மாறுபட்ட இருவரைப் பார்க்க முடியாது. மேலதிகாரி தொலைபேசியில் அழைத்து, ஒரு டெண்டரை இன்னாருக்கு முடித்துவிடுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் முடித்துவிடுவார். முதலாமவர், எழுத்தில் கொடுங்கள் ஐயா என்பார்.

இது கற்பனைக்காகச் சொன்ன சிக்கல் அல்ல. 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகத் தரப்பட்டால் உடனே எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும் என்கின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற வேறு அதிகாரிகளும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று அளித்த தீர்ப்பும் வாய்மொழி உத்தரவுகளின்படி அதிகாரிகள் நடக்கக் கூடாது, அவை பதிவுசெய்யப்பட வேண்டும் என்றது. விதியும் மேலதிகாரியும் எதிரெதிராக நிற்கும் நேரங்கள் உண்டு என்பதால்தானே இப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது?

வெபரிடமும் இது தெளிவாக இருக்கிறது. அவர் வரைந்த அமைப்பில் கீழே இருப்பவர் பணிவது மேலே இருக்கும் ஆளுக்கு அல்ல. அந்த ஆளுக்கும் சேர்த்துப் பொருந்தும் சட்ட ஒழுங்குக்கு. மேலதிகாரியின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் பணிய வேண்டிய கடமை இல்லை. அப்படியானால் ஆளுக்குப் பணிவதையும் விதிக்குப் பணிவதையும் ஒரே நாட்டத்தின் இரண்டு பக்கங்களாகக் கூட்டுவது சரியா? பலருடைய பதில்களில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன என்பதை மறுக்கவில்லை. சேர்ந்து வராத சிலர்தான் ஓர் அலுவலகத்தின் நேர்மையைக் காப்பாற்றுகிறவர்கள். அவர்களைத்தான் மொத்த மதிப்பெண் கண்ணிலிருந்து மறைக்கிறது.

விதிகளிலும் வகை உண்டு. பால் அட்லர், பிரையன் போரிஸ் என்ற இருவர் 1996இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்கள்: வேலை செய்கிறவருக்குக் கைகொடுக்கும் விதி ஒரு வகை, அவரை நம்பாமல் கட்டிப்போடும் விதி மற்றொரு வகை. ரயில்வேயில் கதவு மூடப்பட்டுவிட்டது என்பதை உறுதிசெய்ய லெவல் கிராசிங் கேட் ஊழியரும் நிலைய அதிகாரியும் தொலைபேசியில் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்ளும் நடைமுறை இருக்கிறது. இருவரும் அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். அது ஏன் என்று எந்தக் கேட் ஊழியரைக் கேட்டாலும் சொல்வார். அந்த விதியை வெறுப்பவர் அரிது. அதே ஊழியரிடம் ஒரு துடைப்பம் வாங்க மூன்று கையெழுத்து கேட்டால் எரிச்சல்தான் வரும். ‘விதிகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன’ என்ற கூற்றுக்கு அவர் எந்த விதியை நினைத்துப் பதில் சொல்வார்? நல்ல அளவுகோல் என்றால் விதியைச் சூழலோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

மதிப்பெண் எதைக் கணிக்கிறது?

நாட்டமும் நிறுவனமும் பொருந்தினால் என்ன நடக்கும்? ஆளுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருத்தம் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை அதிகாரத்துவ நாட்டத்தை மட்டும் பற்றியவை அல்ல, பொதுவான பொருத்தம் பற்றியவை. இருந்தாலும் வழிகாட்டும். எமி கிறிஸ்டோஃப் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் 172 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிறுவனத்தோடு உள்ள பொருத்தத்துக்கும் வேலையில் மனநிறைவுக்கும் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்தே உயர்கின்றன என்பதைச் சொல்லும் எண், 0.44; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. இத்தகைய ஆய்வுகளில் இது கணிசமான எண். ஆனால் அதே பொருத்தத்துக்கும் வேலைத்திறனுக்கும் ஒட்டுறவு 0.07. ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பொருத்தம் ஒருவர் அங்கே எவ்வளவு நிம்மதியாக இருப்பார் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு நன்றாக வேலை செய்வார் என்பதைச் சொல்வதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940இலேயே இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியிருந்தார். விதி ஒரு நோக்கத்துக்கான வழி. நாள்தோறும் விதியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு கட்டத்தில் வழியே நோக்கமாகிவிடுகிறது. முதியவருக்கு உதவித்தொகை போய்ச்சேர வேண்டும் என்பது நோக்கம். படிவத்தில் முதலெழுத்து ஆதாரில் உள்ளதுபோல இருக்க வேண்டும் என்பது வழி. முதலெழுத்து மாறியிருப்பதால் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடமையைச் சரியாகச் செய்தேன் என்று ஒருவர் உண்மையாகவே நம்பலாம். விதி வழுவாமையில் அவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். கவுன்டருக்கு வெளியே நின்ற முதியவர் திரும்பவும் இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

அதற்காக அதிகாரத்துவ அமைப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இறுகிப்போனவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மெல்வின் கோன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் வேலை செய்யும் 3,101 ஆண்களிடம் எடுத்த பேட்டிகளைக் கொண்டு 1971இல் எழுதிய கட்டுரை பலருடைய எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. நிறுவனத்தில் மேற்பார்வைப் படிகள் எத்தனை என்பதை வைத்து அதிகாரத்துவத்தை அளந்தார். படிகள் அதிகமுள்ள இடங்களில் வேலை செய்தவர்கள் புதிய கருத்துகளை ஏற்பதிலும், சிந்தனையின் நெகிழ்விலும், சுயமாக இயங்குவதை மதிப்பதிலும் சற்று முன்னால் இருந்தார்கள். வேறுபாடு சிறியதுதான், ஆனால் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குப் படிப்பு அதிகம் என்பது ஒரு பகுதிக் காரணம். அதோடு வேலைப் பாதுகாப்பும், நல்ல ஊதியமும், சிக்கலான வேலையும் சேர்ந்துகொண்டன. எப்போது வேண்டுமானாலும் முதலாளி வெளியே அனுப்பிவிடலாம் என்ற அச்சம் இல்லாதவர் தைரியமாக யோசிக்கிறார். எனக்கு இது மிகவும் நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது.

கோனின் முடிவு அளவுகோலுக்கு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. வேலை ஆளை மாற்றுகிறது. இருபத்தைந்து வயதில் எடுத்த மதிப்பெண் ஐம்பது வயதுக்கும் பொருந்தும் என்று யாரும் உறுதிகூற முடியாது.

ஏன் ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது

இப்போது முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். இந்த வினாப்பட்டியலைத் தேர்வின் பகுதியாக்கினால் என்ன? வேலை வேண்டும் என்று வருகிறவர் எல்லோரும் விதி எனக்கு உயிர் என்றுதான் எழுதுவார்கள். எந்தப் பதில் வேண்டும் என்பது கூற்றிலேயே தெரிகிறது. மூன்றே மாதத்தில் பயிற்சி மையங்கள் மாதிரி விடைகளை அச்சடித்துவிடும். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் 275 மதிப்பெண்ணுக்கு நடக்கும் நேர்முகத்துக்கு ஆளுமைத் தேர்வு என்றே பெயர். அங்கே எதிரே இருப்பவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டு மனிதரை நேரில் பார்க்கிறார்கள். தாளில் டிக் அடிக்கும் கூற்றுகளுக்கு அந்த வசதி இல்லை.

ஒருவேளை எல்லோரும் உண்மையே எழுதினாலும் ஆபத்து நீங்கிவிடாது. அமைப்புக்கு ஒத்தவர்கள் அதை நாடி வருகிறார்கள், அவர்களையே நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது, ஒவ்வாதவர்கள் விலகிப்போகிறார்கள், கடைசியில் உள்ளே ஒரே மாதிரி ஆட்கள்தான் மிஞ்சுகிறார்கள் என்று பெஞ்சமின் ஷ்னைடர் 1987இல் விளக்கினார். இது இயல்பாகவே நடக்கும் வடிகட்டல். இதன் மேல் இன்னொரு சல்லடையையும் வைத்தால், விதி எங்கே மக்களை வதைக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்க ஆளே இருக்க மாட்டார். ஒரு சமூகநலத் துறை அலுவலகத்துக்கு விதியில் உறுதியானவரும் வேண்டும், இந்த விதி ஏன் இப்படி என்று கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறவரும் வேண்டும்.

அரசுப் பணிக்கு வேறோர் அளவுகோலும் உண்டு. ஜேம்ஸ் பெரி என்ற பொது நிர்வாகப் பேராசிரியர் 1996இல் பொதுப்பணி ஊக்கத்தை அளக்க 24 கூற்றுகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். கொள்கை வகுப்பில் ஈடுபாடு, பொதுநலனில் பற்று, இரக்கம், தன்னலம் துறத்தல் என்று நான்கு கூறுகள். அதிகாரத்துவ நாட்டம் ‘எப்படி’ வேலை செய்ய விரும்புகிறார் என்பதைக் கேட்கிறது. பெரியின் பட்டியல் ‘யாருக்காக’ என்பதைக் கேட்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இரண்டாவதைப் பார்ப்பேன்.

நீங்களே செய்து பார்க்க

உங்களுக்காக நீங்களே செய்துகொள்வதில் ஏமாற்ற ஆளில்லை, ஆகவே இந்தக் கருவி தன் வேலையைச் செய்யும். கார்டனின் ஐந்து கூறுகளுக்கும் மூன்று மூன்று கூற்றுகளை உங்கள் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதுங்கள். ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றைத் தலைகீழாக வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லுங்கள். ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியாக எண் எழுதுங்கள். கூட்ட வேண்டாம்.

இப்படிச் செய்தது அறிவியல் அளவுகோல் ஆகிவிடாது. ஆனால் எந்த இடத்தில் உங்களுக்கு முள் குத்தும் என்பது தெரிந்துவிடும். காத்திருப்பதுதான் கடினம் என்றால், கோப்பு பல படி ஏறும் தலைமை அலுவலகத்தைவிடக் களப்பணி உள்ள பதவி உங்களுக்குப் பொருந்தலாம். கிராம நிர்வாக அலுவலரும் குரூப் 4 வழியாகத்தான் வருகிறார், தலைமைச் செயலகத்தில் தட்டச்சராக இருப்பவரும் அதே வழிதான். கலந்தாய்வில் பதவியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு கைகொடுக்கும். ஆளுக்கு இணங்குவதில் குறைவாகவும் விதியில் அதிகமாகவும் வந்தால், தணிக்கை, கணக்குப் போன்ற துறைகளைப் பற்றி விசாரியுங்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்பது அங்கே வேலையின் இயல்பான பகுதி. ஆள் பார்க்காமையில் குறைவாக வந்தால் அதற்காக வருந்த வேண்டியதில்லை, ஆனால் ஒருவருக்குச் சலுகை காட்டினால் வரிசையில் நிற்கும் இன்னொருவரிடமிருந்து அது எடுக்கப்படுகிறது என்பதை வேலைக்குச் சேரும் முன் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தத் துறையில் பத்து ஆண்டு கழித்த யாரையாவது தேடிப்பிடித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு சாதாரணக் கோப்பு எத்தனை மேசைகளைத் தாண்டுகிறது? கடைசியாக நீங்கள் சொந்தமாக எடுத்த முடிவு எது? மேலதிகாரியின் கருத்துக்கு மாறாகக் குறிப்பு எழுதியவர் யாராவது இங்கே இருக்கிறார்களா, அவருக்கு என்ன ஆயிற்று? உங்கள் ஐந்து எண்களை அவருடைய பதில்களுக்குப் பக்கத்தில் எழுதி, மேலே தேதியையும் போட்டு வையுங்கள். சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகு அதே கூற்றுகளுக்கு மறுபடி பதில் சொன்னால், மாறியிருக்கும் எண் எது என்பதைக் கொண்டு அந்த அலுவலகம் உங்களிடம் என்ன செய்திருக்கிறது என்பதையும் அளந்துவிடலாம்.